‘யு’ சான்றிதழை நம்பலாமா? கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குப் படம் தேர்ந்தெடுப்பது பற்றி

ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை ஆறு வயது மகளும் பதினொரு வயது மகனும் வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள். மாமனாரும் மாமியாரும் உடன் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து கூச்சமோ பயமோ இல்லாமல் பார்க்கக்கூடிய படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, ‘யு’ என்று போட்டிருந்தால் நம்பி உட்காரலாமா, ஓடிடி தளங்களில் காட்டும் வயது எண்களுக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடங்களிலும் ஒரு கிளை நூலகத்திலும் சிறுவர்களுக்குப் படம் திரையிட்டு வருபவன் நான். பெற்றோர் பெரும்பாலும் ஏமாறுவது சான்றிதழில்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் ‘யு’, ‘ஏ’ என்ற இரண்டு பிரிவுகளே இருந்தன. 1983இல்தான் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய ‘யுஏ’ என்ற இடைப்பிரிவு வந்தது. அந்த ஒரே பிரிவுக்குள் ஏழு வயதுக் குழந்தைக்கு உகந்த படமும் பதினாறு வயதுப் பையனுக்கே கனமான படமும் சேர்ந்து கிடந்தன. 2023இல் சட்டத்தைத் திருத்தி அதை ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்த பிறகு நிலைமை ஓரளவு தெளிவாகியிருக்கிறது. ஆயினும் அந்த வயது எண்களை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு பெற்றோரையும் காப்பாளரையும் மட்டுமே சேரும் என்பதை அந்தத் திருத்தமே சொல்லிவிடுகிறது. ‘ஏ’ படத்துக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவரைத் திரையரங்கில் அனுமதிக்கக் கூடாது. ஆனால் பதினாறுக்கு மேல் என்று குறித்த படத்துக்கு உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போனால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க மாட்டார், தடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை.

தமிழ்ப் படங்களின் ‘யு’ சான்றிதழுக்குப் பின்னால் வேறொரு கதையும் உண்டு. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006இல் தமிழக அரசு அறிவித்தது. 2011இல் ஆட்சி மாறிய பிறகு, வரிவிலக்கு வேண்டுமானால் ‘யு’ சான்றிதழும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ‘யு’ என்ற ஓர் எழுத்தில் அவ்வளவு பணம் அடங்கியிருந்ததால், எந்தக் காட்சியைக் குறைத்தால், எந்தச் சொல்லை ஊமையாக்கினால் அது கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டு வருவது தயாரிப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து பழைய வரிவிலக்கு முறை போகும்வரை இது நீடித்தது. ஆகவே அந்த ஆறு ஆண்டுகளில் வந்த பெரிய நட்சத்திரப் படங்களில் ‘யு’ என்ற எழுத்தைப் பார்த்தால், அது குழந்தைகளை மனத்தில் வைத்து எடுத்த படம் என்று எண்ணிவிடாதீர்கள். அரிவாள் ஓங்குவது இருக்கும், வெட்டு விழுவதை மட்டும் எடுத்திருப்பார்கள். ரத்தத்தை மங்கலாக்கியிருப்பார்கள், அலறல் அப்படியே கேட்கும். என்ன நடந்தது என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். விடுமுறை நாள்களில் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பப் போடுவதில் கணிசமானவை அந்தக் காலத்துப் படங்களே.

சான்றிதழ் கணக்கில் எடுக்காத வேறு சிலவும் உண்டு. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை நாயகன் தெருத்தெருவாகத் துரத்துவதும், கறுப்பாகவோ குண்டாகவோ இருக்கும் ஒருவரை இரண்டரை மணி நேரம் கேலி செய்வதும், மனைவியை அறைவதைச் சிரிப்புக் காட்சியாக்குவதும் எந்த வெட்டும் இல்லாமல் ‘யு’ வாங்கியிருக்கின்றன. உங்கள் மகனின் வயதில் இவை துப்பாக்கிச் சண்டையைவிட ஆழமாக இறங்கும் என்பது என் கருத்து. பள்ளியில் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் பட்டப்பெயர்களில் எத்தனை நகைச்சுவைக் காட்சிகளிலிருந்து வந்தவை என்று ஒருநாள் அவனையே கேட்டுப் பாருங்கள்.

தொலைக்காட்சியில் பார்த்த அதே படம்தானே என்று ஓடிடியில் போட்டுவிட்டு நெளிந்த குடும்பங்கள் பல உண்டு. ‘ஏ’ படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே ஒளிபரப்ப முடியாது, மேலும் வெட்டி மறுசான்று வாங்க வேண்டும். ஓடிடியில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே தெரியும் வயது எண் தணிக்கை வாரியம் கொடுத்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தங்களிடம் உள்ள படங்களையும் தொடர்களையும் தளங்களே வகைப்படுத்திக்கொள்கின்றன. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான எதற்கும் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியைக் கொடுக்க வேண்டும் என்பதும், வன்முறையா, கெட்ட வார்த்தையா, பயமூட்டும் காட்சியா என்ற குறிப்பைத் தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளன. திரையின் மூலையில் சில நொடிகள் தோன்றி மறையும் அந்தக் குறிப்பை வயது எண்ணைவிட நான் அதிகம் நம்புகிறேன், ஏனெனில் எண்ணுக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. கெட்ட வார்த்தைக்காகப் பதின்மூன்று போட்ட படம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரலாம், பயமூட்டும் காட்சிக்காக ஏழு போட்ட படம் உங்கள் மகளுக்கு ஒத்துவராமல் போகலாம்.

பயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர்களாகிய நாம் மிகவும் தவறாகக் கணிப்பது அதைத்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கேன்டர் என்ற ஆய்வாளர், எந்த வயதுக் குழந்தை திரையில் எதைக் கண்டு பயப்படுகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஹல்க் என்ற பச்சை மனிதன் வரும் தொலைக்காட்சித் தொடரில், நல்லவனான நாயகன் உருமாறும் இடம் பள்ளி செல்லாத சிறு குழந்தைகளைத்தான் மிகவும் நடுங்க வைத்தது என்று அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கண்டார்கள். காப்பாற்றுவதற்காகத்தான் அவன் அப்படி மாறுகிறான் என்பது மூத்த குழந்தைகளுக்குப் புரிந்தது. சிறியவர்களுக்கோ கண்ணுக்குத் தெரிந்த உருவமே எல்லாமாக இருந்தது. இதற்கு நேர்மாறாக, அணுகுண்டு விழுந்த பிறகு ஒரு நகரம் என்ன ஆகும் என்பதைக் காட்டிய 1983ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படம் பெரியவர்களை உலுக்கியபோது, சின்னஞ்சிறு குழந்தைகள் அவ்வளவாகக் கலங்கவில்லை. அவர்களைக் கலங்கடிப்பது முகம் கோரமாவது, குரல் மாறுவது, திடீரென்று விளக்கு அணைவது, அம்மாவைக் காணாமல் போவது போன்றவையே.

ஆகவே பேய்ப்படம் தவிர எதுவும் பரவாயில்லை என்ற கணக்கு ஆறு வயதுக்குச் செல்லாது. பக்திப் படத்தில் அம்மன் உக்கிரமாகி நாக்கை நீட்டும் இடத்தில் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார், மடியில் இருக்கும் பேத்தி இரவு முழுக்கத் தூங்க மாட்டாள். “அதெல்லாம் பொய்டா, மேக்கப்தான்” என்று விளக்குவது பதினொரு வயதுக்குப் பலிக்கும். ஆறு வயதில் பலிப்பது பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொள்வதும், சத்தத்தைக் குறைப்பதும், எழுந்து போக விடுவதும்தான். கேன்டரின் ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. நான் திரையிடும்போது கதவைச் சாத்துவதில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் குழந்தைகளில் பாதிப் பேர் தண்ணீருக்காகப் போகிறவர்கள் அல்லர்.

கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கானது என்பதும் அதே வகை மயக்கம்தான். ஜப்பானின் கிப்லி நிறுவனம் 1988 ஏப்ரலில் இரண்டு அசைவூட்டப் படங்களை ஒரே டிக்கெட்டில் சேர்த்து வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’: இரு சிறுமிகள், ஒரு கிராமத்து வீடு, காட்டில் வாழும் பெரிய மென்மயிர்ப் பிராணி என்று நகரும் அந்தப் படத்தில் வில்லனே கிடையாது. மற்றது தக்காஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’: இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குப் பின் அனாதைகளான அண்ணனும் தங்கையும் பட்டினியால் மடிவதைச் சொல்லும் படம். பெரியவர்களே ஒருமுறை பார்த்தபின் மறுபடி தொடத் தயங்குவார்கள். நிறுவனமும் ஆண்டும் ஓவியப் பாணியும் ஒன்றாக இருந்தும், முன்னதை உங்கள் மகளுக்கு நாளைக்கே காட்டலாம், பின்னதை உங்கள் மகனுக்கும் இன்னும் சில ஆண்டுகள் காட்ட வேண்டாம்.

குழந்தையைப் பற்றிய படம் வேறு, குழந்தைக்கான படம் வேறு. மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ 1990இல் வந்தபோது குழந்தைகள் கூட்டமாகப் போய்ப் பார்த்த படம்தான். அடுக்ககத்துப் பிள்ளைகளின் குறும்பும் பாட்டும் இன்றைக்கும் அலுக்காது. ஆனால் முடிவில் அந்தச் சின்னஞ்சிறு தங்கை இறந்துபோவதை உடன்பிறந்தவள் பார்க்கும் காட்சி இருக்கிறது. தங்கையோ தம்பியோ உள்ள குழந்தைக்கு அதை முன்கூட்டிச் சொல்லாமல் காட்டக் கூடாது. ராமின் ‘தங்க மீன்கள்’ 2013இல் வந்தது, மகளைக் கொண்டாடும் அப்பாவைப் பற்றியது. அதில் சாவைப் பற்றி அந்தச் சிறுமி கொள்ளும் நம்பிக்கை ஆறு வயது மனத்தில் என்னவாக விளையும் என்று சொல்ல முடியாது. அது பெற்றோருக்கான படம், பிள்ளைகள் தூங்கிய பிறகு நீங்கள் இருவரும் பாருங்கள்.

அப்படியானால் ஒவ்வொரு படத்தையும் முழுவதுமாக முதலில் பார்த்துவிட்டுத்தான் காட்ட வேண்டுமா என்றால், வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது ஆகாத காரியம். தமிழ்ப் படத்தின் கட்டமைப்பு தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: முதல் கால் மணி நேரம், இடைவேளைக்கு முந்தைய கால் மணி நேரம், கடைசி அரை மணி நேரம் ஆகியவற்றை ஓட்டிப் பாருங்கள். அடிதடி, கடத்தல், மரணம் ஆகியவை பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான் குவிந்திருக்கும். இடையில் வரும் பாட்டுகளைத் தனியே யூடியூப்பில் பார்த்துவிடலாம், தாத்தாவுக்கு முன்னால் நெளிய வைக்கும் பாட்டு எது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறமொழிப் படங்களுக்கு ஐஎம்டிபி தளத்தில் பெற்றோர் வழிகாட்டி என்றொரு பகுதி இருக்கிறது. வன்முறை, கெட்ட வார்த்தை, குடி, பயமூட்டும் காட்சி என்று தனித்தனியாகப் பார்வையாளர்களே எழுதி வைத்திருப்பார்கள். கதையின் முடிவு அதில் உடைந்துவிடும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி படங்கள். கோடை விடுமுறைக்கென்றே எடுத்தது போன்ற தமிழ்ப்படம் ஒன்று 2024 மே மாதம் வெளிவந்தது, கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’. ராசி அழகப்பனின் சிறுகதையை ஒட்டிய அந்தப் படம், பள்ளி விடுமுறையில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகத் துடிக்கும் ஒரு பையனைப் பற்றியது. காளி வெங்கட் நடிக்கும் அப்பாவுக்கோ சைக்கிள் ஓட்டவே தெரியாது. பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு மிதிக்கும் குரங்கு பெடல் என்றால் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் மாமனார் எழுந்து நின்று நடித்துக்காட்டும் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள், படத்தை நிறுத்தி வைத்தாலும் குற்றமில்லை. பாண்டிராஜின் ‘பசங்க’ 2009இல் வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரு சிறுவர்களுக்குள் மூளும் பகையும் அவர்கள் வீட்டுச் சண்டைகளும் கலந்த கதை. உங்கள் மகனுக்குச் சரியான வயது இது. பெற்றோர் சண்டையிடும் காட்சிகளில் மட்டும் சின்னவள் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள்.

மணிகண்டனின் ‘காக்கா முட்டை’ சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சென்னைக் குடிசைப்பகுதியின் இரண்டு சிறுவர்கள் பீட்சா தின்ன ஆசைப்படுவதுதான் கதை, பாட்டி தோசை மாவில் பீட்சா சுட்டுத் தரும் இடத்தில் வீடே சிரிக்கும். கடை வாசலில் சிறுவன் அடிபடுவதும் ஒரு சாவும் அதில் உண்டு. அதனால் பத்து வயதுக்கு மேல் என்று நானாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறேன். படம் முடிந்ததும் உங்கள் மகன் கேட்கப் போகும் கேள்விகள் காசைப் பற்றியவையாக இருக்கும், அவற்றுக்குப் பதில் சொல்ல நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள். பெரியவர்களின் காலத்துப் படம் ஒன்று வேண்டுமென்றால் ஏவிஎம்மின் ‘குழந்தையும் தெய்வமும்’ இருக்கிறது. 1965இல் வந்த அதில், பிரிந்து வாழும் அப்பாவையும் அம்மாவையும் சேர்த்துவைக்கும் இரட்டைச் சகோதரிகளாகக் குட்டி பத்மினி ஒருவரே நடித்திருப்பார். கறுப்பு வெள்ளை என்று முதலில் முகம் சுளிக்கும் குழந்தைகள், இரட்டையர் இடம் மாறும் தந்திரம் தொடங்கியதும் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆறு, பதினொன்று, எழுபது என்று மூன்று வயதுகளையும் ஒன்றாக உட்கார வைக்கும் வேலையைப் பேச்சில்லாத படங்கள்தான் மிக நன்றாகச் செய்கின்றன. 1956ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படமான ‘ரெட் பலூன்’ வெறும் முப்பத்து நான்கு நிமிடம். ஒரு சிவப்புப் பலூன் பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவனை நாய்க்குட்டி போலப் பின்தொடர்கிறது, அவ்வளவுதான். வசனம் மிகக் கொஞ்சமாக உள்ள இந்தப் படம் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதை வாங்கியது. சாப்ளின் என்றால் பலரும் ‘தி கிட்’ படத்தைப் போடுவார்கள். ஆனால் அதில் குழந்தையை வளர்ப்புத் தந்தையிடமிருந்து பிடுங்கி வண்டியில் ஏற்றும் காட்சியில் சின்னக் குழந்தைகள் விம்மி அழுவதைப் பார்த்த பிறகு, நான் முதலில் ‘தி சர்க்கஸ்’ படத்தைத்தான் போடுகிறேன். சிங்கக் கூண்டில் சாப்ளின் மாட்டிக்கொள்ளும் இடத்தில் குழந்தைகளோடு தாத்தாக்களும் சிரித்துச் சிரித்து இருமுவார்கள்.

பேச்சுள்ள பிறமொழிப் படத்தில் துணைத்தலைப்பு ஒரு தடைதான், ஆனால் கடக்க முடியாத தடை இல்லை. மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவர் ஒருவர் நம்மூர்க் கொட்டகைகளில் இருந்தார். அந்த வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள், அவன் படித்துச் சொல்லத் தங்கை கேட்டுக்கொள்ளட்டும். ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என்று அறியப்படும் 1997ஆம் ஆண்டின் ஈரானியப் படத்தை அப்படிக் காட்டலாம். தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன் தன்னுடைய ஒரே ஜோடியை அவளோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள், இரண்டு நாளாவது சண்டை போடாமல் இருந்தார்கள் என்று ஒரு தாய் என்னிடம் சொன்னார். தமிழ்க் குரல் கொடுத்த அசைவூட்டப் படங்களும் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் மூலத்தில் இல்லாத கேலிகளையும் நட்சத்திர வசனங்களையும் சேர்த்துவிடும் பழக்கம் சில மொழிமாற்றங்களில் உண்டு என்பதால் ஐந்து நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

எவ்வளவு நேரம் என்பதற்கு, இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு சொல்லும் அளவு ஐந்திலிருந்து பத்து வயது வரை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குள். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் அதிலேயே மீறிவிடும், ஆகவே இடைவேளை அட்டை வரும் இடத்தில் நிறுத்தி மறுநாள் மாலை தொடருங்கள். மீதியை ஊகித்துக்கொண்டே சாப்பிடுவதில் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சுகம் இருக்கிறது. பார்த்ததையே பார்க்கிறாள் என்று சின்னவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற அமெரிக்கச் சிறார் தொடரில் ஒரே பகுதியைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். ஒவ்வொரு முறையும் குழந்தைகள் கூடுதலாகப் புரிந்துகொண்டதையும் ஆய்ந்து பார்த்தார்கள்.

தொடர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியைக் குழந்தைகளின் கணக்கில் அணைத்துவிடுங்கள். அவர்களுக்குத் தனிக் கணக்கு, உங்கள் கணக்குக்குக் கடவு எண், யூடியூப் கிட்ஸ் செயலியில் நீங்கள் ஒப்புக்கொண்டவற்றை மட்டும் காட்டும் அமைப்பு ஆகிய மூன்றையும் விடுமுறைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்தில் செய்து முடித்துவிடலாம். குட்டிக் காணொளிகள் வரிசையாக ஓடும் கைபேசியை மட்டும் தனியாகக் கையில் கொடுக்காதீர்கள். அங்கே எதையும் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களிடம் இல்லை.

எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் நாள் மாலை ‘ரெட் பலூன்’ போடுங்கள், முப்பத்து நான்கு நிமிடத்தில் யாருக்கும் அலுக்காது. முடிவுக்குச் சற்று முன்னால் பெரிய பையன்கள் கல்லெறிந்து பலூனை உடைக்கும் இடம் ஒன்று வரும். அப்போது சின்னவள் யார் மடியில் இருக்கிறாள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு பாரிஸ் நகரத்துப் பலூன்கள் எல்லாம் சேர்ந்து வருகின்றன.